சர்வரில் ஓடுகிறது, மடிக்கணினியில் வரவில்லை: கசாண்ட்ரா இணைப்புச் சிக்கலுக்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

கோலாலம்பூரிலோ பினாங்கிலோ இருந்தபடி கிளவுடில் மூன்று சர்வர் எடுத்து, அவற்றில் அப்பாச்சி கசாண்ட்ரா என்ற, பல சர்வர்களில் பரவி ஓடும் டேட்டாபேஸை நிறுவுகிறீர்கள். எஸ்எஸ்எச் வழியாகச் சர்வருக்குள் போய்ப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. உங்கள் மடிக்கணினியிலிருந்து கூப்பிட்டால் மட்டும் பதில் இல்லை. புதிதாக வருகிறவர்களில் பலர் முதல் வாரத்திலேயே இந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். மாட்டியதும் அமைப்புக் கோப்பில் கண்ணில் படும் முகவரிகளையெல்லாம் மாற்றி, ஃபயர்வாலை முழுக்கத் திறந்துவிட்டு, மூன்று சர்வரையும் மாறி மாறி ரீஸ்டார்ட் செய்கிறார்கள். ஒருவழியாக இணைப்பு கிடைத்தாலும் எதனால் கிடைத்தது என்று சொல்ல முடிவதில்லை. அடுத்த மாதம் அதே தொல்லை திரும்ப வரும்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். மைஎஸ்க்யூஎல் போன்ற டேட்டாபேஸில் ஒரு சர்வர், ஒரு முகவரி. அதைத் தொட்டால் வேலை முடிந்தது. கசாண்ட்ராவில் இணைப்பு இரண்டு கட்டமாக நடக்கிறது. நீங்கள் கொடுத்த முகவரியில் உள்ள ஒரு நோடை, அதாவது கசாண்ட்ரா ஓடும் ஒரு சர்வரை, உங்கள் புரோகிராம் தொடுவது முதல் கட்டம். நோடுகள் சேர்ந்த கூட்டமான கிளஸ்டரில் வேறு யார் யார் இருக்கிறார்கள், அவர்களை எந்த முகவரியில் பிடிக்கலாம் என்ற பட்டியலை அந்த நோட் திருப்பிக் கொடுக்கிறது. அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு மற்ற நோடுகளுக்கும் புரோகிராம் தானே தனித்தனியாக இணைப்புப் போடுவது இரண்டாம் கட்டம். முதல் கட்டம் உடைந்திருக்கிறதா, இரண்டாவதா என்று தெரியாமல் எதையும் மாற்றாதீர்கள். இரண்டுக்கும் மருந்து வேறு.

இந்தக் கட்டுரையில் கட்டளைகளையும் அமைப்புப் பெயர்களையும் ஒலிப்பின்படி எழுதியிருக்கிறோம். தட்டச்சு செய்யும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில், அடிக்கோடு இருக்கும் இடத்தில் அடிக்கோடு போட்டு எழுதுங்கள். உதாரணத்துக்கு மூன்று நோடுகளை வைத்துக்கொள்வோம். உள் முகவரிகள் 10.0.1.11, 10.0.1.12, 10.0.1.13. வெளி முகவரிகள் 203.0.113.11 தொடங்கி 13 வரை. உங்கள் மடிக்கணினி கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அலுவலக வைஃபையில் இருக்கிறது.

சர்வருக்குள்ளேயே உயிரோடு இருக்கிறதா?

வெளியே தேடுவதற்கு முன் நோட் 1-க்குள் எஸ்எஸ்எச் செய்து "நோட்டூல் ஸ்டேட்டஸ்" கட்டளையை ஓட்டுங்கள். ஒவ்வொரு நோடுக்கும் ஒரு வரி வரும். வரியின் தொடக்கத்தில் இரண்டு எழுத்து இருக்கும். "யூ என்" என்றால் நோட் எழுந்து இயல்பாக இருக்கிறது. "டி என்" என்றால் அந்த நோடை மற்றவர்களால் எட்ட முடியவில்லை. "யூ ஜே" என்றால் இப்போதுதான் கிளஸ்டரில் சேர்ந்துகொண்டிருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள்.

நோட்டூலே பதில் தராவிட்டால் கசாண்ட்ரா எழவில்லை என்று பொருள். வார் அடைவுக்குள் லாக், அதற்குள் கசாண்ட்ரா, அதற்குள் சிஸ்டம் டாட் லாக் என்ற கோப்பைத் திறந்து கடைசி ஐம்பது வரிகளைப் படியுங்கள். ஒழுங்காக எழுந்திருந்தால், வாடிக்கையாளர் இணைப்புகளுக்காக 9042 போர்ட்டில் காத்திருக்கிறேன் என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அந்த வரி வரும்வரை இணைப்புச் சோதனை எதுவும் செய்ய வேண்டாம். சர்வீஸைத் தொடங்கிய உடனே சோதித்துவிட்டு "வேலை செய்யவில்லை" என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. சிறிய சர்வரில் எழுந்து நிற்க ஒரு நிமிடம்கூடப் பிடிக்கும்.

பதிவுக் கோப்பு பாதியில் நின்று, பிழைச் செய்தியே இல்லாமல் இருந்தால், நினைவகம் போதாமல் லினக்ஸே கசாண்ட்ராவைக் கொன்றிருக்கலாம். "டிமெசேஜ்" என்று ஒலிக்கும் டி-எம்-இ-எஸ்-ஜி கட்டளையில் "அவுட் ஆஃப் மெமரி" என்ற சொற்களைத் தேடுங்கள். செலவைக் குறைக்க 1 ஜிபி நினைவகமுள்ள சர்வரை எடுப்பவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது. பழகுவதற்கே ஒரு நோடுக்கு 4 ஜிபியாவது வேண்டும்.

எந்த முகவரியில் காது கொடுக்கிறது?

நோட் எழுந்துவிட்டது. இனி அதே சர்வரில் "எஸ்எஸ்" கட்டளையை, ஒரு சிறுகோட்டுக்குப் பின் எல், டி, என், பி என்ற நான்கு எழுத்துகளைச் சேர்த்து, சூடோ உரிமையோடு ஓட்டுங்கள். எந்தப் புரோகிராம் எந்த முகவரியில், எந்தப் போர்ட்டில் காத்திருக்கிறது என்று காட்டும். 9042 உள்ள வரியை மட்டும் பாருங்கள். அதில் 127.0.0.1:9042 என்று இருந்தால் விடை அங்கேயே கிடைத்துவிட்டது. சர்வர் தனக்குள்ளிருந்து வரும் அழைப்பை மட்டுமே கேட்கிறது. ஃபயர்வாலை எவ்வளவு திறந்தாலும் வெளியிலிருந்து வரும் அழைப்பு அதன் காதில் விழாது. நிறுவியவுடன் இருக்கும் இயல்புநிலை இதுதான். பாதுகாப்புக்காக அப்படி வைத்திருக்கிறார்கள்.

மாற்ற வேண்டிய இடம் கசாண்ட்ரா டாட் யாமல். டெபியன், உபுண்டு பொதியில் இது ஈடிசி அடைவின் கீழ் கசாண்ட்ரா என்ற அடைவில் இருக்கும். அதில் முகவரி கேட்கும் வரிகள் நான்கு. புதியவர்களைக் குழப்புவது இந்த நான்கும்தான், ஆகவே நிதானமாகப் பாருங்கள்.

லிஸன்_அட்ரஸ்: நோடுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் முகவரி. உள் முகவரியையே கொடுங்கள். நோட் 1-ல் 10.0.1.11. இங்கே 0.0.0.0 போடக் கூடாது.

ஆர்பிசி_அட்ரஸ்: உங்கள் புரோகிராம் போன்ற வாடிக்கையாளர்கள் வந்து பேசும் முகவரி. இங்கும் 10.0.1.11 கொடுப்பதே சுத்தம். 0.0.0.0 போட்டால் சர்வரின் எல்லா முகவரிகளிலும் காது கொடுக்கும். ஆனால் அப்போது கீழே சொல்லும் வரியைக் கட்டாயம் நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் கசாண்ட்ரா எழவே மறுக்கும்.

பிராட்காஸ்ட்_ஆர்பிசி_அட்ரஸ்: "வாடிக்கையாளர்கள் என்னை இந்த முகவரியில் பிடிக்கலாம்" என்று நோட் அறிவிக்கும் முகவரி. இரண்டாம் கட்டத்தில் உங்கள் புரோகிராமுக்குப் போகும் பட்டியலில் இருப்பது இதுதான்.

பிராட்காஸ்ட்_அட்ரஸ்: மற்ற நோடுகளுக்கு அறிவிக்கும் முகவரி. மூன்று நோடும் கிளவுடின் ஒரே பிரிவில் (ரீஜனில்), ஒரே உள் வலையில் இருந்தால் இதைத் தொட வேண்டியதில்லை. சிங்கப்பூரில் இரண்டு, மும்பையில் ஒன்று என்று பிரிந்திருந்து, இடையில் தனி வலை இணைப்பும் இல்லாவிட்டால்தான் வெளி முகவரி இங்கே தேவைப்படும்.

அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. வெளியிலிருந்து வர வேண்டும் என்று நினைத்து லிஸன்_அட்ரஸிலும் ஆர்பிசி_அட்ரஸிலும் 203.0.113.11 என்ற வெளி முகவரியை எழுதிவிடுகிறார்கள். பெரும்பாலான கிளவுடுகளில் அந்த வெளி முகவரி சர்வரின் நெட்வொர்க் கார்டில் கிடையாது. கிளவுடின் வாசலில் முகவரி மாற்றம் நடந்து, உள் முகவரிக்கு வந்துசேர்கிறது. தன்னிடம் இல்லாத முகவரியில் சர்வர் காது கொடுக்க முடியாது. "இந்த முகவரியைப் பற்ற முடியவில்லை" என்ற பொருளில் ஒரு பிழையைச் சொல்லிவிட்டு நின்றுவிடும். "ஐபி ஏ" என்ற கட்டளையைச் சர்வரில் ஓட்டினால் அதனிடம் உண்மையில் எந்த முகவரிகள் இருக்கின்றன என்று தெரியும். காது கொடுக்கும் வரிகளில் அந்தப் பட்டியலில் உள்ளதை மட்டுமே எழுதலாம். அறிவிக்கும் வரிகளில் வேறு முகவரி எழுதலாம்.

யாமல் கோப்பில் டேப் விசை கூடாது, இடைவெளி விசை மட்டும். முக்காற்புள்ளிக்குப் பின் ஓர் இடைவெளி கட்டாயம். வரியின் தொடக்கத்தில் உள்ள # குறியை எடுத்தபின் மிஞ்சும் இடைவெளியையும் அழித்துவிடுங்கள். ஒரு நோடை மாற்றி, ரீஸ்டார்ட் செய்து, "யூ என்" வந்த பிறகு அடுத்த நோடுக்குப் போங்கள்.

பிழைச் செய்தியைச் சொல்லுக்குச் சொல் படியுங்கள்

இப்போது மடிக்கணினிக்கு வாருங்கள். கசாண்ட்ராவின் கருவிகளை இன்னும் எடுக்க வேண்டாம். போர்ட் திறந்திருக்கிறதா என்பதை மட்டும் பார்க்கும் சிறிய கருவி "என்சி". அதற்கு வி, இசட் என்ற இரண்டு எழுத்துகளைச் சிறுகோட்டோடு சேர்த்து, 203.0.113.11 என்ற முகவரியையும் 9042 என்ற எண்ணையும் கொடுங்கள். விண்டோஸில் பவர்ஷெல்லின் "டெஸ்ட் நெட்கனெக்‌ஷன்" இதே வேலையைச் செய்யும். வரக்கூடிய பதில்கள் நான்கே.

"சக்ஸீடட்" என்றால் போர்ட் வரை வழி சுத்தம்.

"கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்" உடனே, ஒரு நொடிக்குள் வந்தால் உங்கள் பொட்டலம் (பாக்கெட்) சர்வர் வரை போய்ச் சேர்ந்துவிட்டது. அங்கே அந்தப் போர்ட்டில் யாரும் காத்திருக்கவில்லை. அநேகமாக ஆர்பிசி_அட்ரஸ் தவறு, அல்லது கசாண்ட்ரா எழவில்லை. கிளவுடின் ஃபயர்வாலை இப்போது தொடுவது வீண்வேலை.

நெடுநேரம் அப்படியே நின்று "டைம்டு அவுட்" என்று வந்தால் கதை வேறு. வழியில் யாரோ பொட்டலத்தைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிட்டார்கள். பெரும்பாலும் கிளவுடின் ஃபயர்வால்தான். யாமல் கோப்பை இப்போது மாற்றுவது வீண்வேலை.

"நோ ரூட் டு ஹோஸ்ட்" என்று வந்தால் சர்வருக்குள் இருக்கும் லினக்ஸ் ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸின் விதி மறுத்து அனுப்பியிருக்கலாம். ஆரக்கிள் கிளவுட் தரும் உபுண்டு இமேஜில் இப்படியொரு விதி முன்கூட்டியே இருக்கிறது. வலைத்தளக் கன்சோலில் போர்ட்டைத் திறந்த பிறகும் இது நின்று தடுக்கும். சர்வருக்குள் போய் 9042-க்கு அனுமதி விதியை மறுப்பு விதிக்கு மேலே சேர்க்க வேண்டும்.

சந்தேகம் தீராவிட்டால் "டிசிபிடம்ப்" தீர்ப்புச் சொல்லும். சர்வரில் அதை 9042 போர்ட்டுக்கு ஓடவிட்டு, மடிக்கணினியிலிருந்து மறுபடி என்சி அடியுங்கள். சர்வர் திரையில் ஒன்றுமே வராவிட்டால் தடை சர்வருக்கு வெளியே. உங்கள் அழைப்பு, அதாவது சதுர அடைப்புக்குள் எஸ் என்ற எழுத்துள்ள வரி, மட்டும் திரும்பத் திரும்ப வந்து பதில் போகாவிட்டால் தடை சர்வருக்குள் இருக்கும் ஃபயர்வால். அழைப்பு வந்து, உடனே ஆர் என்ற எழுத்தோடு பதில் போனால் அந்தப் போர்ட்டில் யாரும் இல்லை. இரண்டு நிமிட வேலை இது. அரைநாள் ஊகத்தை மிச்சப்படுத்தும்.

கிளவுடின் ஃபயர்வால்

அமேசான் கிளவுடில் இதற்குப் பெயர் செக்யூரிட்டி குரூப். அதில் உள்வரும் விதி ஒன்று சேருங்கள்: டிசிபி, போர்ட் 9042, மூலம் உங்கள் அலுவலகத்தின் வெளி ஐபி, பின்னால் /32. அந்த /32 ஒரே ஒரு முகவரியைக் குறிக்கிறது. மடிக்கணினியின் அமைப்பில் தெரியும் 192.168 என்று தொடங்கும் எண்ணை இங்கே எழுதுவது தவறு. அது அலுவலகத்துக்குள் மட்டும் செல்லும் முகவரி. "என் ஐபி என்ன" என்று காட்டும் தளம் எதிலாவது வெளி முகவரியைப் பாருங்கள்.

நேற்று வேலை செய்தது இன்று "டைம்டு அவுட்" என்றால் முதலில் இதைத்தான் சோதிக்க வேண்டும். வீட்டு ஃபைபர் இணைப்புகளில் பெரும்பாலும் நிலையான முகவரி கிடையாது. ரூட்டரை அணைத்துப் போட்டால் எண் மாறிவிடும். கைத்தொலைபேசி ஹாட்ஸ்பாட்டில் இன்னும் மோசம். அங்கே ஒரே வெளி முகவரியைப் பலருக்குப் பங்கிட்டுக் கொடுப்பதால், அதற்கு வழி திறந்தால் முன்பின் தெரியாதவர்களுக்கும் சேர்த்தே திறக்கிறீர்கள். மாமாக் கடை வைஃபையிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். சர்வரின் பக்கமும் முகவரி மாறும்: அமேசானில் சர்வரை நிறுத்தித் தொடங்கினால், அதாவது ஸ்டாப் செய்து ஸ்டார்ட் செய்தால், வெளி ஐபி புதிதாக வரும். மாறாமல் இருக்க எலாஸ்டிக் ஐபி வேண்டும்.

நோடுகள் தங்களுக்குள் பேச 7000 போர்ட் வேண்டும். இதற்கு மூலமாக ஐபி எழுதாமல் அதே செக்யூரிட்டி குரூப்பையே கொடுங்கள். நாளை நான்காவது நோட் சேர்த்தாலும் விதியைத் தொட வேண்டியிருக்காது. ஆனால் இந்த விதி உள் முகவரி வழியாக வரும் பேச்சுக்குத்தான் பொருந்தும். நோடுகள் ஒன்றையொன்று வெளி முகவரியில் கூப்பிட்டால் பொட்டலம் வெளியே போய்த் திரும்பி வருகிறது, விதி பொருந்தாமல் போகிறது, நோட்டூலில் "டி என்" விழுகிறது. யாமல் கோப்பில், எழும் நோட் முதலில் யாரைத் தொட வேண்டும் என்று சொல்லும் ஸீட்ஸ் வரியில் வெளி முகவரிகளை எழுதியவர்கள் இதில்தான் சிக்குகிறார்கள். மூன்று நோடிலும் ஸீட்ஸ் ஒரே மாதிரி, உள் முகவரிகளாக இருக்கட்டும். கிளஸ்டர்_நேம் மூன்றிலும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும்.

7199 போர்ட் நோட்டூலுக்கானது. அதை வெளியே திறக்கவே வேண்டாம். நோட்டூல் தேவைப்படும்போது சர்வருக்குள் போய் ஓட்டிக்கொள்ளுங்கள்.

செக்யூரிட்டி குரூப் சரியாக இருந்தும் பொட்டலம் வரவில்லை என்றால், சப்நெட்டின், அதாவது உள் வலைப் பகுதியின், வாசலில் நிற்கும் இன்னொரு ஃபயர்வாலான நெட்வொர்க் ஏசிஎல்லை யாராவது மாற்றியிருக்கிறார்களா பாருங்கள். செக்யூரிட்டி குரூப் போன அழைப்பை நினைவில் வைத்துக்கொண்டு அதன் பதிலைத் தானே விடும். ஏசிஎல் அப்படி நினைவில் வைப்பதில்லை. பதில் போகும் திசையில் 1024 முதல் 65535 வரை தனியாகத் திறந்திருக்க வேண்டும்.

எல்லாருக்கும் திறந்துவிடலாமா?

0.0.0.0/0 என்று போட்டால் உலகம் முழுவதற்கும் திறக்கும். "சோதனைக்கு மட்டும், அப்புறம் மூடிவிடலாம்" என்றுதான் எல்லாரும் போடுகிறார்கள். தயவுசெய்து போடாதீர்கள். கசாண்ட்ராவின் இயல்புநிலையில் கடவுச்சொல்லே கேட்காது. கடவுச்சொல் வசதியை இயக்கினாலும் தொடக்கப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இரண்டுமே "கசாண்ட்ரா" என்பது ஊரறிந்தது. 2020 ஜூலையில் "மியாவ்" என்று பெயர் பெற்ற தானியங்கித் தாக்குதல் இப்படித் திறந்து கிடந்த ஆயிரக்கணக்கான டேட்டாபேஸ்களைத் துடைத்தழித்தது. எலாஸ்டிக்சர்ச், மாங்கோடிபி ஆகியவை பெரும்பான்மை. கசாண்ட்ராவும் அதில் இருந்தது. பணம்கூடக் கேட்கவில்லை, அழித்துவிட்டுப் போய்விட்டது.

மலேசியாவில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-க்கு 2024-ல் வந்த திருத்தத்தின்படி, 2025 ஜூன் 1 முதல் தரவுக் கசிவை ஆணையருக்கு 72 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். வாடிக்கையாளர் பெயரும் தொலைபேசி எண்ணும் உள்ள சோதனை டேட்டாபேஸும் தரவுதான்.

"சிக்யூஎல்எஸ்எச் வருகிறது, ஆப் வரவில்லை"

இந்தப் புகார் வந்தால் நீங்கள் இரண்டாம் கட்டத்துக்கு வந்துவிட்டீர்கள். சிக்யூஎல்எஸ்எச் என்ற கட்டளைக் கருவி நீங்கள் சொன்ன ஒரே நோடோடு மட்டும் பேசும். பட்டியலைப் பின்தொடர்ந்து போகாது. ஆப்புக்குள் இருந்து கசாண்ட்ராவோடு பேசும் ஜாவா, பைதான் டிரைவர்கள் பின்தொடரும். அதனால் கருவியில் எல்லாம் சரியாகத் தெரியும், ஆப்பில் மட்டும் உடையும். ஆப்பில்தான் பிழை என்று நினைத்து நிரல் முழுக்கத் தேடுவார்கள்.

நோட் என்ன பட்டியல் கொடுக்கிறது என்பதை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். மடிக்கணினியிலிருந்து சிக்யூஎல்எஸ்எச்சில் நுழைந்து, சிஸ்டம் டாட் பியர்ஸ் என்ற அட்டவணையிலிருந்து பியர், ஆர்பிசி_அட்ரஸ், டேட்டா_சென்டர் ஆகிய மூன்று பத்திகளை செலக்ட் செய்யுங்கள். நம் உதாரணத்தில் இரண்டு வரிகள் வரும்: ஒன்றில் ஆர்பிசி_அட்ரஸ் 10.0.1.12, மற்றதில் 10.0.1.13. பிரிக்ஃபீல்ட்ஸ் அலுவலகத்தில் இருக்கும் மடிக்கணினிக்கு 10.0.1.12 என்றால் என்ன? அலுவலக வலைக்குள் அப்படி யாரும் இல்லை. இருந்தாலும் அது வேறு யாரோ, ஒரு பிரிண்டராகக்கூட இருக்கலாம். டிரைவர் அங்கே போய்க் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும். முதல் நோட் மட்டும் கிடைப்பதால் சில டிரைவர்கள் எச்சரிக்கையை மட்டும் பதிவுசெய்துவிட்டு ஓடும். அந்த ஒரு நோட் சற்றுத் தடுமாறினால் "நோ ஹோஸ்ட் அவைலபிள்" என்று விழும்.

தீர்வு மூன்று வகை.

முதலாவது, ஆப்பையும் கிளவுடுக்குள், அதே உள் வலையில் வைப்பது. உண்மையான பயன்பாட்டுக்கு இதுதான் சரி. உள் முகவரிகள் அப்படியே பொருந்தும், எதையும் மாற்ற வேண்டாம்.

இரண்டாவது, மடிக்கணினியை விபிஎன் வழியாக உள் வலைக்குள் கொண்டுவருவது. வயர்கார்ட் போட்ட சின்ன சர்வர் ஒன்று போதும். யூடிபி 51820 போர்ட்டை மட்டும் வெளியே திறந்து, மடிக்கணினியில் 10.0.1.0/24 வரம்பை அந்தக் குழாய் வழியாகப் போகச் சொல்லுங்கள். நிரலாளர்கள் நாலைந்து பேர் உள்ள குழுவுக்கு நாங்கள் இதையே பரிந்துரைப்போம். வெளி ஐபி தேவைப்படுவது அந்த ஒரு சர்வருக்கு மட்டும் என்பதால் செலவும் குறையும்: 2024 பிப்ரவரி முதல் அமேசான் ஒவ்வொரு பொது ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு 0.005 அமெரிக்க டாலர் வாங்குகிறது. முப்பது நாள் மாதத்துக்கு முகவரி ஒன்றுக்கு 3.60 டாலர்.

மூன்றாவது, ஒவ்வொரு நோடிலும் பிராட்காஸ்ட்_ஆர்பிசி_அட்ரஸாக வெளி முகவரியைக் கொடுப்பது, அல்லது டிரைவரில் முகவரி மாற்றியை, அட்ரஸ் டிரான்ஸ்லேட்டரை, அமைப்பது. பிராட்காஸ்ட்_ஆர்பிசி_அட்ரஸை மாற்றினால் உள்ளே இருக்கும் ஆப்களும் வெளி முகவரி வழியாகச் சுற்றிப்போகத் தொடங்கும் என்பதை மறக்காதீர்கள்.

எஸ்எஸ்எச் குழாய் போதாதா என்று கேட்பார்கள். மடிக்கணினியின் 9042-ஐ நோட் 1-ன் 9042-க்கு இணைக்கும் குழாய், சிக்யூஎல்எஸ்எச்சுக்கு அருமையாக வேலை செய்யும். ஆப்புக்குப் போதாது. குழாய் ஒரு நோடுக்கு மட்டும்தான். பட்டியலில் வரும் மற்ற இரண்டு முகவரிகளுக்குக் குழாய் இல்லை. நோடுகளுக்கு முன்னால் லோடு பேலன்சர் வைப்பதும் இதே காரணத்தால் பயன்படாது. எந்த நோடில் எந்தத் தரவு என்று பார்த்துச் சுமையைப் பிரிக்கும் வேலையை டிரைவரே செய்கிறது.

நோடுகளின் குழுவுக்குக் கசாண்ட்ரா வைக்கும் டேட்டா சென்டர் பெயர் ஒரு தனித் தொல்லை. ஜாவா டிரைவரின் 4-ஆம் பதிப்பில் முகவரி கொடுக்கும்போது உள்ளூர் டேட்டா சென்டரின் பெயரையும் கொடுக்க வேண்டும். நோட்டூல் ஸ்டேட்டஸின் முதல் வரியில் என்ன இருக்கிறதோ அதையே, பெரிய எழுத்து சிறிய எழுத்து மாறாமல் கொடுங்கள். எந்த நோட் எந்த டேட்டா சென்டரில் என்று சொல்லும் அமைப்பு ஸ்நிட்ச்; சிம்பிள் ஸ்நிட்ச்சில் அது "டேட்டாசென்டர்1", காசிப்பிங் ஸ்நிட்ச்சின் தொடக்க நிலையில் "டிசி1". பெயர் தப்பினால் எல்லா நோடும் கிடைத்திருந்தும் "பயன்படுத்த நோட் எதுவும் இல்லை" என்ற பிழையே வரும். வலைக் கோளாறு போலத் தோன்றும், ஆனால் வலையில் ஒரு குறையும் இருக்காது.

கடவுச்சொல் சரி, உள்ளே விடவில்லை

பாஸ்வேர்ட் ஆத்தென்டிகேட்டரை இயக்கிய கிளஸ்டரில் ஒரு நோட் படுத்ததும் சிலரால் மட்டும் நுழைய முடியாமல் போகும். பயனர் விவரங்கள் சிஸ்டம்_ஆத் என்ற கீஸ்பேஸில், அதாவது அட்டவணைத் தொகுப்பில், இருக்கின்றன; அதன் நகல் எண்ணிக்கை தொடக்கத்தில் 1 மட்டுமே. அந்த ஒரே நகல் இருந்த நோட் படுத்தால் அந்தப் பயனரைச் சரிபார்க்க ஆளில்லை. மூன்று நோட் கிளஸ்டரில் இதை 3 ஆக ஆல்டர் செய்து, பிறகு ஒவ்வொரு நோடிலும் அந்தக் கீஸ்பேஸுக்கு நோட்டூல் ரிப்பேர் ஓட்டுங்கள். ரிப்பேரை விட்டுவிட்டால் புது நகல்கள் காலியாகவே இருக்கும். பிறகு உங்கள் பெயரில் புதிய சூப்பர்யூசரை உருவாக்கி, "கசாண்ட்ரா" என்ற பழைய பயனரின் உரிமையைப் பறித்துவிடுங்கள்.

இணைகிறது, பிறகு உறைகிறது

இதுவரை சொன்னவை இணைப்பே வராத நிலை. இணைந்தபின் நடக்கும் இரண்டு தொல்லைகளைக் கண்டுபிடிப்பது கடினம்.

ஒன்று, சின்ன கேள்விக்குப் பதில் வருகிறது, பெரிய அட்டவணையைக் கேட்டால் அப்படியே நின்றுவிடுகிறது. பொட்டல அளவுச் சிக்கல் இது. அமேசானின் உள் வலையில் ஒரு பொட்டலம் 9001 பைட் வரை போகலாம், இணையத்தில் 1500, பிபிபிஓஇ முறையில் வரும் வீட்டு ஃபைபரில் 1492, விபிஎன் குழாய்க்குள் அதைவிடக் குறைவு. பொட்டலம் பெரிது என்ற தகவல் ஐசிஎம்பி என்ற வலை அறிவிப்புச் செய்தியாகத் திரும்பிப் போனால் சர்வர் சின்னதாக்கி அனுப்பும். பாதுகாப்பு என்று சொல்லி நெட்வொர்க் ஏசிஎல்லிலோ அலுவலக ஃபயர்வாலிலோ ஐசிஎம்பியை மொத்தமாக அடைத்திருந்தால் அந்தச் செய்தி போகாது. சர்வர் அதே பெரிய பொட்டலத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். சோதிக்கும் வழி எளிது. மடிக்கணினியின் நெட்வொர்க் கார்டில் எம்டியூவை, அதாவது பொட்டலத்தின் உச்ச அளவை, தற்காலிகமாக 1400 ஆக்கி, அதே கேள்வியை மறுபடி கேளுங்கள். பதில் வந்துவிட்டால் காரணம் இதுவேதான். நிரந்தரத் தீர்வுக்கு விபிஎன் முனையில் எம்டியூவைக் குறையுங்கள், ஐசிஎம்பியில் வகை 3, குறி 4-ஐ மட்டுமாவது திறந்துவிடுங்கள்.

மற்றது, மதிய உணவுக்குப் போய்வந்ததும் முதல் கேள்வி மட்டும் தோற்கிறது. இடையில் நேட் கேட்வே, அதாவது உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றி அனுப்பும் வாசல், இருந்தால், 350 நொடி பேச்சில்லாத இணைப்பை அமேசானின் கேட்வே மறந்துவிடும். லினக்ஸ் தன் பங்குக்கு "இருக்கிறாயா" என்று விசாரிப்பது 7200 நொடிக்கு ஒருமுறை, அதுவும் புரோகிராம் கேட்டுக்கொண்டால்தான். டேட்டாஸ்டாக்ஸ் நிறுவனம் எழுதிய ஜாவா, பைதான் டிரைவர்களில் 30 நொடிக்கு ஒருமுறை இதயத்துடிப்புப் போகும். அதை அணைத்து வைத்திருந்தால் திரும்ப இயக்குங்கள்.

தூரத்தையும் கணக்கில் எடுங்கள். 2024 ஆகஸ்டில் அமேசான் மலேசியாவிலேயே மூன்று கிடைப்பு மண்டலங்களோடு ஒரு பிரிவைத் திறந்தது. சிங்கப்பூர் பிரிவு 2010 முதல் இருக்கிறது. இந்த இரண்டில் ஒன்றில் நோடுகள் இருந்தால் பினாங்கிலிருந்தும் தாமதம் ஒரு பொருட்டல்ல. விலை மலிவு என்று வர்ஜீனியாவில் எடுத்தால் ஒரு போய்வரவுக்கே 200 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். டிஎல்எஸ் கைகுலுக்கல், கடவுச்சொல் சரிபார்ப்பு, பட்டியல் வாங்குதல் என்று பல போய்வரவுகள் சேரும்போது சிக்யூஎல்எஸ்எச்சின் 5 நொடி இணைப்புக் கெடு நெருங்கிவிடும். கனெக்ட் டைம்அவுட்டை 20 நொடியாக்கிப் பார்த்து, வந்துவிட்டால் தடை இல்லை, தூரம்தான் என்று தெரிந்துகொள்ளலாம்.

யாரிடமாவது உதவி கேட்கும்போது "கனெக்ட் ஆகவில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். கசாண்ட்ராவின் பதிப்பு, நோட்டூல் ஸ்டேட்டஸின் முழு வெளியீடு, எஸ்எஸ் கட்டளையில் 9042 உள்ள வரி, மடிக்கணினியில் என்சி சொன்ன பதில், அதற்கு எத்தனை நொடி ஆனது, சிஸ்டம் டாட் பியர்ஸில் உள்ள முகவரிகள், யாமல் கோப்பின் நான்கு முகவரி வரிகள் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுங்கள். வெளி முகவரிகளின் கடைசி எண்ணையும் கடவுச்சொற்களையும் மறைத்துவிட்டு அனுப்புங்கள். சோதனைக்காகத் திறந்த விதிகளை, பதில் வரும்வரை காத்திராமல், அன்று மாலையே மூடிவிடுங்கள்.